தீ விபத்து என்று அச்சடித்தார்கள்

பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருந்தது துலுக்கானத்தின் அச்சகம். வடிவு போய்ச் சேர்ந்தபோது கரண்ட் இல்லை. துலுக்கானம் புரூபை எடுத்துவந்து வாசல் வெளிச்சத்தில் அவள் கையில் கொடுத்தார்.

"தப்பு எதுனா கீதான்னு பாத்துட்டு சொல்லிடுக்கா. கரண்டு வந்ததும் ஓட்டிடறேன். உங்க சங்கத்து ஆளு காலைலேருந்து வந்து வந்து கேட்டுகினு கீறான்."

அட்டையில் அப்பாவின் படம். கீழே, 'தீவகம் தந்த கல்வித் தந்தை, அமரர் உலகநாதன் மாஸ்டர்.'

"ஆமா, இத்தப் போயி கல்வெட்டுன்றாரே உங்க பிரசிடெண்டு? 'கல்வெட்டு அடிக்கணும்'னு வந்து நிக்கிறாரு. நான் குமணன்சாவடில எம் மச்சான் கல்லு கொத்துறான், அவனாண்ட போ நைனான்னு அனுப்பி வுட்டேன். அவரும் போயி, அவன் ஒரு கல்லக் காட்டி வெல பேசி... செம கூத்துக்கா."

வேறு நாளாக இருந்தால் வடிவு சிரித்திருப்பாள். யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கு அது கல்வெட்டுத்தான். ஒருவர் செத்த முப்பத்தோராம் நாள், அவர் பிறந்தது, படித்தது, செய்தது எல்லாவற்றையும் சிறு புத்தகமாக அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். செத்த வீட்டுக்காரர் கையால் முதல் பிரதி கொடுத்த பிறகுதான் சாப்பாட்டுக்கு இலை விழும். ஊரை விட்டு, கடலைத் தாண்டி, ஆவடிப் பக்கம் அகதியாக வந்து வாடகை வீட்டில் இருந்தாலும் அதை மட்டும் விடவில்லை. அதில் அச்சாகிவிட்டால் அதுதான் அந்த ஆளின் வாழ்க்கை. பேரப்பிள்ளைகள் அதைத்தான் வாசிக்கும்.

வடிவு நடுப்பக்கத்துக்கு வந்தாள். அங்கே இப்படி இருந்தது:

'1968இல் தீ விபத்தில் பாடசாலை முற்றாக அழிந்தபோது மனந்தளராத மாஸ்டர், ஊர்ப் பெரியார் திரு. சண்முகசுந்தரம் அவர்களின் பேருதவியுடன் அதை மீண்டும் கட்டியெழுப்பினார்.'

தீ விபத்து. கூரை தானாகவே எழுந்து போய்த் தன் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டு வந்து படுத்துக்கொண்டதாக்கும். வடிவுக்குக் காது சுட்டது. திரு. சண்முகசுந்தரத்தின் பேருதவி என்னவென்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, படகில் போய்ச் சேரும் தீவு அவர்களுடையது. சுற்றிலும் உப்புத் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் ஊறும் கிணறுகள் குறைவு. அவற்றில் எல்லோரும் அள்ளிவிட முடியாது. கடற்கரைப் பக்கத்துச் சனம் குடத்தோடு வெயிலில் நிற்க வேண்டும். மேல்தெருவில் யாருக்காவது மனம் வந்து அள்ளி ஊற்றினால் உண்டு. இல்லாவிட்டால் நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்திலும் அதே கதை. மேல்தெருப் பிள்ளைகள் வாங்கில் இருப்பார்கள். வாங்கு என்றால் இங்கே பெஞ்சு. கடற்கரைப் பிள்ளைகளுக்குப் பின்பக்கத்து மணல்.

பல வருஷம் அங்கேயே வாத்தியாராக இருந்த உலகநாதன் மாஸ்டர் தலைமையாசிரியரானதும், எல்லோரும் பயந்ததுபோல மணலில் இருந்தவர்களை வாங்கில் ஏற்றவில்லை. வாங்குகளைத் தூக்கி முற்றத்தில் போட்டார். எல்லோரும் மணலில் இருங்கள் என்றார். தன் நாற்காலியையும் வெளியே போட்டார்.

மேல்தெருத் தகப்பன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "எங்கட பிள்ளையள் மண்ணில இருக்கிறதோ?"

"இவ்வளவு காலமும் மண் நல்லாத்தானே இருந்தது" என்றார் மாஸ்டர். "சுடுது எண்டால் சொல்லுங்கோ. எல்லாருக்கும் வாங்கு போடுவம்."

ஒரு தவணை, மூன்று மாதம் முழுக்க மணலில் பாடம் நடந்தது. வெயிலில் கிடந்து வாங்குகள் வெடித்தன. கடைசியில் தகப்பன்மாரே வந்து, "என்னவாவது செய்து துலையும்" என்று விட்டுவிட்டுப் போனார்கள். வாங்குகள் உள்ளே வந்தன. எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். பத்து வயது வடிவுக்குப் பக்கத்தில் கடற்கரைப் பக்கத்து நாகம்மா உட்கார்ந்தாள். அடுத்த வாரம் மாஸ்டர் பள்ளிக்கூடக் கிணற்றுக்கு ஒரு வாளியும் கயிறும் போட்டு, யாரும் அள்ளலாம் என்றார். அதோடு மேல்தெருவுக்குப் பொறுக்கவில்லை. பள்ளிக்கூடம் எரிந்தது.

மறுநாள் மாஸ்டர் பூவரச மரத்தின் கீழ் நின்று மணியடித்து, இடாப்பை விரித்துப் பிள்ளைகளின் பெயர் கூப்பிட்டார். கடற்கரைச் சனம் பனை தறித்துக் கொண்டுவந்தார்கள், தென்னோலையில் கிடுகு பின்னினார்கள், பள்ளிக்கூடத்தைக் கட்டினார்கள். மேல்தெருச் சண்முகசுந்தரம் ஒரு கிடுகும் தரவில்லை. கொடுத்தது முதலில் வைத்த நெருப்பு மட்டும்தான்.

அதற்குப் பிறகும் மாஸ்டர் சும்மா இருக்கவில்லை. பிள்ளைப்பேற்றுக்குப் படகு கிடைக்காமல் செத்த பெண்களின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் அரசாங்கக் கச்சேரி வாசலில் குந்தியிருந்து, தீவுக்கு மோட்டார்ப் படகு வாங்கிவந்தார். எண்பத்தைந்தில் மகளோடு மண்டபம் அகதி முகாமில் வந்து இறங்கினார். பழைய மாணவன் ஒருவன் ஆவடியில் இருக்கிறான் என்று, அந்தப் பக்கத்துச் சேக்காட்டுக்கு வந்தார். தொண்ணூற்றொன்றில் அகதிப் பிள்ளைகளை எந்தப் பள்ளிக்கூடமும் எடுக்காத நேரம், வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு அவரே வகுப்பு நடத்தினார். ஆவடித் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகள்கூடக் கணக்குக் கேட்க வந்து அங்கே உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்ட மனிதர். அவருடைய வாழ்க்கையில் சண்முகசுந்தரத்துக்கு என்ன வேலை?

"அண்ணே, இந்த வரியை எடுக்கவேணும்" என்றாள் வடிவு.

துலுக்கானம் எட்டிப் பார்த்தார். "பேரு தப்பா?"

"எல்லாம் தப்பு."

"எழுத்துத் தப்புன்னா மாத்துவேன்க்கா. விசயமே தப்புன்னா நான் இன்னா பண்ண முடியும்? ஆர்டர் குடுத்தது பிரசிடெண்டு. ஒரு வரி மாறினாலும் வாங்க மாட்டேன்னு சொல்லிட்டுதான் போனாரு." அவர் தலையைச் சொறிந்தார். "அவராண்ட பேசிட்டு வந்துடேன்."

பிரசிடெண்ட் என்றால் சண்முகசுந்தரம். அகதிகள் நலச் சங்கத்தின் தலைவர். எரித்தவர்தான் இங்கேயும் தலைவர்.

பஸ் நிலையத்தில் வடிவு நாகம்மாவிடம் போனாள். நாகம்மா அங்கேதான், டைம் ஆபீஸ் பக்கத்தில், சாயங்காலங்களில் இடியப்பம் விற்கிறாள். வடிவு புரூபில் இருந்ததைச் சொன்னாள். நாகம்மா கேட்டுக்கொண்டே இடியப்பம் கட்டினாள்.

"முப்பத்தொண்டுக்கு வருவாய்தானே?"

"வருவன். ரெண்டு மணிக்கு."

"ஏன் ரெண்டு மணி? பதினொரு மணிக்கல்லோ தொடக்கம்."

"சங்கத்து ஆள் வந்து சொன்னவன். எங்கட பக்கத்து ஆக்கள் ரெண்டு மணிக்குப் பிறகு வரட்டாம். அப்பத்தான் இருக்க இடம் இருக்குமாம்."

மாஸ்டருடைய முப்பத்தொன்றுக்கு. மாஸ்டருடைய சாப்பாட்டுக்கு. கடற்கரைச் சனத்துக்குப் பின்பந்தி.

"யக்கோவ், ரெண்டு செட்டு குடு. தேங்கா பாலு கீதா?" என்றான் பஸ்ஸிலிருந்து குதித்த ஒருவன்.

"இருக்கு தம்பி. பொறு." நாகம்மா கட்டிக் கொடுத்தாள்.

"உனக்குக் கோபம் வரேல்லையோ நாகம்மா?"

"எனக்குக் கோபம் வந்தா ஆர் இடியப்பம் அவிக்கிறது?"

"நீ பதினொரு மணிக்கு வா. முன்பந்தியில இரு. நான் பாத்துக்கொள்ளுறன்."

"வந்து? நீ அவரோடை பிடிக்கிற சண்டைக்கு நான் கொடியோ? தூக்கிக்கொண்டு போறதுக்கு?" நாகம்மா சில்லறையை எண்ணாமல் டப்பாவில் போட்டாள். "மாஸ்டருக்காக வருவன். உனக்காக இல்லை."

அன்றே வடிவு அம்பத்தூருக்கு பஸ் ஏறினாள். சண்முகசுந்தரத்தின் மகன் கனடாவில் இருந்து அனுப்பிய காசில் வாடகைக்கு எடுத்த மாடி வீடு. அவர் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிச் சாய்ந்து கிடந்தார். அவருடைய மனைவி அன்னம்மாள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்றாள். அந்த வீட்டில் அவள் பேசி வடிவு கேட்டதில்லை.

"வா பிள்ளை, இரு. புரூப் பாத்தனியே? வடிவா வந்திருக்குது, என்ன?"

"விபத்து எண்டு போட்டிருக்கு ஐயா."

"எது?"

"பள்ளிக்கூடம் எரிஞ்சது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "விபத்துத்தானே."

"ஆர் சொன்னது?"

"ஆரும் வேறை மாதிரிச் சொன்னதோ? பொலிசுக்குப் போச்சுதோ? வழக்கு நடந்ததோ? கொப்பர் மாஸ்டர் ஒரு நாளாவது வாய் திறந்தவரோ?"

"அவருக்குப் பள்ளிக்கூடம் கட்டுற வேலை இருந்தது."

"இஞ்ச பார் பிள்ளை." குரல் தேனாக வந்தது. "ஊர் போச்சு. கிணறு போச்சு. காணி பூமி எல்லாம் போச்சு. இப்ப எல்லாரும் ஒரே அகதி. பொலிஸ் ஸ்டேசனில கையெழுத்து வைக்க ஒரே வரிசையில நிக்கிறம். இதுக்குள்ள உந்தப் பழசைக் கிளறி ஆருக்கு லாபம்?"

"ஒரே வரிசை எண்டால் பின்பந்தி ஏன்?"

"மண்டபம் சின்னன். ஆரோ பின்னாலதான் இருக்கவேணும்."

"அப்ப நீங்கள் இருங்கோ."

தேன் நின்றது. சண்முகசுந்தரம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிள்ளை, மண்டபம் சங்கம் எடுத்தது. புத்தகம் சங்கம் அடிக்குது. உங்கட வளவில பள்ளிக்கூடம் நடக்கிற தகரமும் சங்கத்தின்ர தகரம். யோசிச்சுக் கதை."

வடிவு தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவோடுதான் சண்டை பிடித்தாள். செத்த மனிதர் மேல் அவ்வளவு கோபம் வரும் என்று அவள் நினைத்ததில்லை. இந்தச் சண்முகசுந்தரம் சங்கத்துக்குத் தலைவராக வர முன்மொழிந்தது அப்பாதான். அன்றைக்கே கேட்டிருந்தாள்: "அப்பா, ஆரை ஆருக்குத் தலைவராப் போடுறியள் எண்டு தெரியுமோ?" மாஸ்டர் பலகையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அவனிட்டைத் தகரம் இருக்கு. மழை வருது. பிள்ளையள் நனையக்கூடாது." அவ்வளவுதான். பெரிய மனம் என்று அப்போது நினைத்தாள். இப்போது யோசித்தால், அந்தப் பெரிய மனத்தின் மேல் ஏறி நின்றுதான் இந்த ஆள் தன் பெயரைக் கல்வெட்டில் போட்டிருக்கிறார். அப்பா மறந்தது அப்பாவின் விருப்பம். மற்றவர்களும் மறக்க வேண்டும் என்று எழுதிவைக்க இவர் யார்?

முப்பத்தோராம் நாள் சேக்காட்டு மண்டபத்தில் கூட்டம். திருவேற்காடு, போரூர், அம்பத்தூர் என்று எங்கெங்கோ சிதறிக் கிடந்த தீவுச் சனம் வந்திருந்தது. ஐயர் கிரியைகளை முடித்தார். மாஸ்டரின் படத்துக்குப் பெரிய மாலை. மேசையில் கல்வெட்டுப் புத்தகங்கள், சணல் கயிற்றால் கட்டின கட்டாகவே, துலுக்கானத்தின் அச்சகத்தில் இருந்து வந்திறங்கியபடி. ஒரு வரியும் மாறவில்லை.

வடிவு வாசலைப் பார்த்தாள். நாகம்மா வந்திருந்தாள். உள்ளே வராமல் கை கழுவும் குழாய்ப் பக்கம் நின்றாள். அவளோடு கடற்கரைப் பக்கத்து நாலைந்து பேர்.

சண்முகசுந்தரம் மைக்கைப் பிடித்தார். மாஸ்டர் ஒரு மகான் என்றார். தீவின் இருட்டை நீக்கிய விளக்கு என்றார். விளக்கு என்ற சொல்லை அவர் சொன்னபோது வடிவு பல்லைக் கடித்தாள். தானும் மாஸ்டரும் ஒரு வயிற்றில் பிறக்காத சகோதரர்கள் என்றார். குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். எப்படி முடிகிறது இந்த மனிதர்களால்? கொளுத்திய கையாலேயே கண்ணையும் துடைத்துக்கொள்ள எப்படி முடிகிறது?

"இப்ப மாஸ்டரின்ர மகள் முதல் பிரதியை வழங்குவார்."

வாங்கிக்கொள்ள அவரே இரண்டு கையையும் நீட்டினார்.

வடிவு மேசைக்குப் போனாள். கட்டை அவிழ்க்கவில்லை. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இதை நான் குடுக்க மாட்டன்" என்றாள்.

மண்டபம் சலசலத்தது. யாரோ மைக்கை நிறுத்தினார்கள். நிறுத்தினால் என்ன? வாத்தியாரின் மகள் அவள். கடைசி வாங்குக்குக் கேட்கிற குரல் பரம்பரையாக வந்தது.

"இதில பள்ளிக்கூடம் விபத்தில எரிஞ்சது எண்டு போட்டிருக்கு. விபத்து இல்லை. கொளுத்தினவை. பிள்ளையள் ஒண்டா இருந்ததுக்காகக் கொளுத்தினவை. ஆர் கொளுத்தினது எண்டு எனக்குத் தெரியும். இஞ்ச இருக்கிற அரைவாசிப் பேருக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் அழுதுகொண்டு இருக்கிறியள்."

"பிள்ளை, இரு" என்றார் சண்முகசுந்தரம்.

"இருக்க மாட்டன். அண்டைக்கு வாங்கில இருந்த பிள்ளையளை இண்டைக்கு ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறியள். பின்பந்திக்கு. மாஸ்டரின்ர சோத்துக்கு. உங்களுக்கு வெக்கமே இல்லையோ?"

ஒரு கிழவர் மட்டும், "செத்தவீட்டில உப்பிடிக் கதைக்கக்கூடாது" என்று முணுமுணுத்தார். பள்ளிக்கூடம் எரிந்தபோதும் இப்படித்தான் ஏதாவது கூடாது என்று முணுமுணுத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

முதல் பிரதி கொடுபடாமலே, "இலையைப் போடுங்கோ" என்று சமையல்காரரிடம் சொன்னாள் வடிவு. தயங்கித் தயங்கி இலை விழுந்தது. வடிவு நேரே குழாயடிக்குப் போய் நாகம்மாவின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கையை விடு" என்றாள் நாகம்மா.

"வா, முன்னால இரு."

"கையை விடு வடிவு. நீ இழுத்து இருத்தினா அது உன்ர சண்டை. நானே இருப்பன்."

வடிவு விட்டாள். நாகம்மா சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு மண்டபத்தின் நீளம் முழுக்க நடந்தாள். மாஸ்டரின் படத்துக்கு நேர் கீழே இருந்த இலைக்கு முன்னால் காலை மடித்து உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். அவளோடு வந்தவர்கள் எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாகம்மாவின் இரண்டு பக்கத்து இலைகளும் வெறுமையாகக் கிடந்தன.

"எழும்புங்கோ. போவம்" என்றார் சண்முகசுந்தரம், முன்வரிசையைப் பார்த்து. இப்போது அவர் குரலில் தழுதழுப்பு ஒன்றும் இல்லை. "நாளைக்கே தகரத்தைக் கழட்டுறன்."

"கழட்டுங்கோ" என்றாள் வடிவு.

நாற்காலிகள் நகர்ந்தன. ஒரு குடும்பம் போனது. பிறகு இன்னொன்று. போனவர்கள் எல்லோரும் வடிவின் முகத்தைப் பார்க்காமல், ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோலப் போனார்கள். சிலர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. சுவரோடு சாய்ந்து நின்று எந்தப் பக்கம் ஆள் கூடுகிறது என்று பார்த்தார்கள். அவர்கள் மேல்தான் வடிவுக்கு மிகவும் எரிச்சல் வந்தது.

அன்னம்மாள் எழுந்தாள். வாசலை நோக்கி நடந்த கணவனின் பின்னால் போகவில்லை. மெல்ல வந்து, நாகம்மாவுக்குப் பக்கத்து இலையில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சண்முகசுந்தரம் வாசலில் திரும்பிப் பார்த்தார். "இஞ்சேரும். வாரும்."

"நீங்கள் போங்கோ" என்றாள் அன்னம்மாள். "நான் மாஸ்டரிட்டைப் படிச்சனான். சாப்பிட்டிட்டு வாறன்."

"உமக்கென்ன விசரோ? எழும்பும்."

"விசர் இல்லை." அவள் குரலை உயர்த்தவில்லை. சோற்றைக் குறித்துப் பேசுவதுபோலத்தான் பேசினாள். "அண்டைக்கு விடிய உங்கட வேட்டியைத் தோய்ச்சது நான்தானே. எத்தினை தண்ணி மாத்தியும் மண்ணெண்ணெய் மணம் போகேல்லை."

சண்முகசுந்தரம் செருப்பைத் தேடினார். ஒன்று அகப்பட்டது, மற்றது அகப்படவில்லை. யாரும் குனிந்து எடுத்துக் கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் காலால் துழாவிவிட்டு, யாருடையதோ ஒன்றை மாட்டிக்கொண்டு போனார்.

வடிவு சோற்று வாளியோடு வந்தாள். நாகம்மாவின் இலையில் போட்டாள். அன்னம்மாளின் இலைக்கு முன்னால் வந்ததும் கை நின்றது. இத்தனை வருஷம். இத்தனை வருஷம் இந்த மனுசி இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றியிருக்கிறாள். அப்பா உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்?

"அன்னம்மாக்கா, இவ்வளவு காலமும் எங்க இருந்தனீங்கள்?"

அன்னம்மாள் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரோடைதான்."

வடிவுக்கு அழுகை வரவில்லை. வந்தது இன்னும் கொஞ்சம் கோபம்தான். அகப்பையை வாளியில் அடித்துச் சோற்றை அள்ளினாள். சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது.

"கோபத்தைச் சோத்தில காட்டாதை" என்றாள் நாகம்மா. "வாளி ஓட்டையாப் போகும். அக்காவுக்குப் போடு. பிறகு பருப்பைக் கொண்டா."

வடிவு போட்டாள். பருப்புக்குப் போகத் திரும்பியபோது, சுவரோடு நின்றவர்களில் ஒருவர் வந்து கடைசி இலையில் உட்கார்ந்துகொண்டிருந்தார். பின்னால் இன்னொருவர். அவர்களுக்கும் போட வேண்டும். இவ்வளவு நேரம் நின்று பார்த்தவர்களுக்கும் போடத்தான் வேண்டும். வடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்பு வாளியை எடுக்கப் போனாள்.